திருப்பிப் போட்ட அட்டை

ஆனையூரில் எங்கள் சபையில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் போன் எனக்குத்தான் வரும்; ஆஸ்பத்திரிக்கு அப்புறம்தான் போவார்கள். “முத்துத்தாயக்கா, ஒரு ஜெபம் பண்ணுங்க” என்பார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, போனிலேயே பத்து நிமிடம் ஜெபிப்பேன். எதிர்ப்பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும் வரைக்கும் விடமாட்டேன்.

என் வீட்டுக்காரர் மலைச்சாமி டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்கு வருவார். “ஆண்டவருக்குக் காது நல்லாத்தானே கேக்கும், எதுக்கு இம்புட்டுச் சத்தம்?” என்று கேட்பார். ஜெபிக்க வராதவர்களுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொள்வேன். என்னவெல்லாம் நினைத்திருக்கிறேன், பாருங்கள்.

ஒச்சம்மாளைச் சபைக்குக் கூட்டி வந்ததே நான்தான். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவள். புருஷன் இறந்த பிறகு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆனையூருக்கு வந்து, பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். “அக்கா, அக்கா” என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே விசுவாசத்துக்கு வந்தவள். அவள் மகள் சத்யப்ரியா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். எங்கள் சபையில் தையல் தெரிந்த பிள்ளை அவள் ஒருத்திதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஜூலையில், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ஒச்சம்மாள் என் சமையலறைக்குள் வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். சத்யாவுக்குப் பேரையூரில் மாப்பிள்ளை பேசி முடியும் நிலையில் இருந்தது. அவர்களும் நம் விசுவாசத்துக் குடும்பம்தான்.

“அக்கா, சத்யாவுக்குப் பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப வலிப்பு வரும். ஒங்களுக்குத் தெரியாது. ஏழு வருசமா ஒண்ணும் வரல. மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டு இருக்கா. டாக்டரே தாராளமா கல்யாணம் பண்ணலாம்னு சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை நான் பேரையூர் போயி மாப்ள அம்மாகிட்ட என் வாயால சொல்லப் போறேன். மறச்சு வச்சு ஒரு கல்யாணம் வேணாம்க்கா. ஆனா சொல்றதுக்குத் தெம்பு வேணும். நீங்க மட்டும் ஜெபம் பண்ணுங்க. ஒங்களுக்கும் உசிலம்பட்டியில எங்க அக்காளுக்கும் தவிர வேற யாருக்கும் தெரியாது.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னோட போகும் ஒச்சம்மா” என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பெண்கள் ஐக்கியத்தின் உபவாச ஜெபம். பதினான்கு பேர் இருந்தோம். ஒச்சம்மாளுக்கு வேலை நாள், வரமாட்டாள். அன்றைக்கு டவுனிலிருந்து வேறொரு சபைச் சகோதரி வந்திருந்தாள். சின்ன வயதுதான். முதலில் அவள் ஜெபித்தாள். ஐயோ, என்ன ஜெபம்! எங்கள் பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். என் ஜெபத்துக்குக்கூட அப்படி அழுததில்லை.

அடுத்து என் முறை. வாயைத் திறந்தால் வார்த்தைகள் காய்ந்த வறட்டி மாதிரி பொத்துப் பொத்தென்று விழுந்தன. யாரோ கொட்டாவி விட்டது கேட்டது. எனக்குப் பதறிவிட்டது. அந்தப் பதற்றத்தில்தான் அது என் வாய்க்கு வந்தது.

“கர்த்தாவே, எங்கள் நடுவிலே ஒரு விதவைத் தாயின் மகள்… ஊசியும் நூலுமாய்ப் பாடுபடுகிற அந்தப் பிள்ளை… வாயிலே நுரை தள்ளி விழுகிற அந்த வியாதி, மாத்திரையிலே கட்டுண்டு கிடக்கிற அந்த வாழ்வு… பேரையூர் மண்ணிலே வாழப் போகிற நேரத்திலே, அப்பா…”

பெயர் சொல்லவில்லை. யார் பெயரும் சொல்லவில்லை என்று எட்டு மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கூடம் முழுக்க ஒரே அழுகை. “ஆமென், ஆமென்” என்று எல்லாருக்கும் மேலே ரெங்கம்மாளின் குரல் கேட்டது. ரெங்கம்மாளின் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்திருப்பது பேரையூரில் என்பது எனக்குத் தெரியாததில்லை. மத்தியானம் உபவாசம் முடித்து எலுமிச்சம்பழச் சாறு குடித்தபோது அவளே வந்து, “இன்னிக்கு ஆவியானவர் எறங்கிட்டாருக்கா” என்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எல்லா மகிமையும் அவருக்கே” என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பேரையூரிலிருந்து ஒச்சம்மாளுக்குப் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம், நோயை மறைத்துப் பெண்ணைத் தள்ளிவிடப் பார்த்தீர்களே என்று சொன்னார்களாம். சொல்வதற்காகக் கிளம்பி நின்றவளுக்கு, ஒரு நாள் முன்னால் மறைத்தவள் என்று பெயர் கிடைத்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், செருப்பு விடுகிற இடத்தில் அவள் என்னை மறித்தாள்.

“நீங்கதான்கா சொல்லியிருக்கீங்க! ஒங்களத் தவிர யாருக்குத் தெரியும்?”

“ஒங்க அக்காளுக்குத் தெரியும்னு நீதான சொன்ன? போயி அவளக் கேளு. நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்?”

சுற்றிலும் பதின்மூன்று பேர் நின்றார்கள். ஒருத்தி வாய் திறக்கவில்லை. எல்லாரும் ஆமென் சொன்னவர்கள்தானே. ஒச்சம்மாளுக்கு வெறி வந்துவிட்டது. “நீ ஜெபம் பண்ற வாயில புழுத்துப் போக” என்று கத்தினாள். வாசலில் நின்ற ஆண்கள் வரைக்கும் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு, “ஆண்டவரே, இவளுக்கு மன்னியும்” என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

அன்றைக்கே அவள் உசிலம்பட்டிக்குப் போன் போட்டு அக்காளிடம் சண்டை பிடித்தாள். அக்காள் பாண்டீஸ்வரி எவ்வளவோ சத்தியம் பண்ணியும் நம்பவில்லை. கூடப் பிறந்தவர்கள் இரண்டே பேர், பேச்சு அறுந்துபோனது. ஒரு மாதம் கோயிலுக்கு வராமல் இருந்துவிட்டு, பிறகு வந்து கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாள். நான் முதல் பெஞ்சு. நடுவே பதினொரு பெஞ்சுகள். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை.

இந்த வருடம் சாம்பல் புதன் வந்தது. வருடப்பிறப்புக்கு வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் வழக்கம்; ஆசீர்வதிப்பேன், பெருகப் பண்ணுவேன் என்று நல்லதாக வரும், எடுத்ததும் பைக்குள் வைத்துக்கொள்வோம். போதகர் ஐயா இந்தத் தடவை ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து காலத்துக்கும் அட்டை என்றார். அச்சடித்து வாங்கியது இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கத்தை வெட்டி, தன் கையால் எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார்.

“வருசப்பிறப்புக்கு ஆண்டவர் நமக்கு என்ன செய்வாருன்னு எடுத்தோம். இதுல நாம என்ன செய்யணும்னு இருக்கு. எல்லா அட்டையிலயும் நடந்து போன்னுதான் எழுதியிருக்கேன். நாப்பது நாளும் உக்காந்து பாடிக்கிட்டே இருந்தா பயணம் ஆகாது. எந்திரிச்சு நடங்க. யாரு அட்டையில என்ன இருக்குன்னு யாரும் கேக்க வேணாம்.”

பெண்கள் பக்கத்தில் முதலில் எடுப்பது நான். அன்று பகல் முழுக்க மஞ்சள் இடித்த கை; எவ்வளவு கழுவியும் கட்டைவிரலில் மஞ்சள் போகவில்லை. எடுத்துப் பிரித்தேன்.

‘உன்னால் காயப்பட்ட ஒருவரிடம் நடந்து போ. நீ செய்ததை மறைக்காமல் சொல். அதுவரை திருவிருந்து மேசைக்கு வராதே.’

கண்ணுகளா, அந்த அட்டையை நான் வாசித்த நேரம் எவ்வளவு இருக்கும்? ஒரு மூச்சு. அதே மூச்சில், “ஐயா, ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்துருச்சு” என்று சிரித்துக்கொண்டே அதை டின்னுக்குள் போட்டுவிட்டு, அடியிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டேன். நெற்றியில் சாம்பல் இன்னும் உதிரக்கூட இல்லை.

இரண்டாவது அட்டை எனக்குப் பிடித்த மாதிரி வந்தது. தனியாக இருக்கும் ஒருவருக்குச் சோறு கொண்டு போகச் சொன்னது. எங்கள் தெருக்கோடியில் பிள்ளைகள் விட்டுப்போன ஒரு பெரியவர் இருக்கிறார். அந்த வாரமே சாம்பார், பொரியல், அப்பளம் என்று கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். அவர் முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது போட்டோ எடுத்து சபை வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டேன். நாற்பத்திரண்டு பேர் கைகூப்பி அனுப்பினார்கள்.

இரண்டாம் வாரம், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் நிழல் தட்டியது. ஒச்சம்மாள். முகமெல்லாம் வேர்வை. இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறாள். கையில் மடித்த அட்டை.

“ஷேர் ஆட்டோக்காரன் ஏறுங்கன்னான். நடந்து போன்னுல போட்டிருக்கு, அதான் நடந்தே வந்தேன்” என்று சொல்லிவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள். “அக்கா, அன்னிக்கு அம்புட்டுப் பேர் முன்னால ஒங்கள வஞ்சுபுட்டேன். வாய் புழுத்துப் போகன்னு சொன்னேன். எனக்கு விசுவாசம் சொல்லிக் குடுத்த வாயி அது. எட்டு மாசமா நெஞ்சுல கிடந்து அறுக்குது. என்னைய மன்னிச்சுருங்கக்கா.”

நீட்டிய அட்டையில், ஓரத்தில், மஞ்சளாக ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.

அது என் விரல். நான் தூக்கிப் போட்ட அட்டை, சுற்றிச் சுற்றி, அதைத் தேட வேண்டிய அவசியமே இல்லாதவள் கைக்குப் போய், அவள் அதற்குக் கீழ்ப்படிந்து, வெயிலில் நடந்து என் வாசலுக்கே வந்து நின்றது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பிறகு பிரிந்தது, பிரிந்ததும் என்ன சொன்னது தெரியுமா? “நான் அன்னிக்கே மன்னிச்சுட்டேன் ஒச்சம்மா. மனுசருக்குள்ள வாரதுதான்.” அதோடு விடவில்லை. அவள் தலையில் கைவைத்து ஜெபித்தேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். காபி போட்டுக் கொடுத்தேன். பெரிய பாரம் இறங்கின மாதிரி போனாள். தெரு திரும்பும்போது கையசைத்துவிட்டுப் போனாள்.

மலைச்சாமி உள் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். வெளியே வந்து காபி டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அன்னிக்கு அந்த ஜெபத்தப் பத்தி நீயே என்கிட்ட வந்து பெருமையாச் சொன்ன. எல்லாரும் அழுதாங்கன்னு.”

நான் டம்ளரைக் கழுவ எடுத்தேன்.

“அவ மன்னிப்புக் கேட்டா. சரி. நீ எதுக்குடி குடுத்த?”

அழுகை வந்துவிட்டது. அட்டையை மாற்றிப் போட்டதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“முப்பத்தோரு வருசம் டிக்கெட் கிழிச்சேன். இந்த மாதிரி ஒரு பார்ட்டியப் பாத்ததே இல்ல. ஒன் டிக்கெட்ட வேற ஆளு கையில திணிச்சிட்ட. அவ ஒழுங்கா ஸ்டாப்புல எறங்கிட்டா. நீ எங்க போறதா உத்தேசம்?” என்று கேட்டுவிட்டு, மறுபடி பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உடனே ஓடிப் போனேன் என்று நினைப்பீர்கள். இல்லை. மூன்று வாரம் ஓட்டினேன். காபியை விட்டேன். ஒரு வேளை உபவாசத்தை இரண்டு வேளை ஆக்கினேன். பெரியவருக்குச் சோறு தினமும் போனது. சொல்லச் சொன்ன ஒன்றைத் தவிர எல்லாம் செய்தேன். நடுவில் திருவிருந்து ஞாயிறு வந்தது. முதல் பெஞ்சுக்காரி போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்று போனேன். முழங்காலில் நின்றபோது மூன்று பேருக்கு அப்பால் ஒச்சம்மாள். அவள் முகம் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது. எனக்கு அப்பம் தொண்டையில் இறங்கவில்லை; திராட்சரசத்தைக் குடித்து இறக்கினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போதகர் வீட்டுக்குப் போய் எல்லாம் சொன்னேன். என் மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துணியைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயா, வர்ற வெள்ளிக்கிழமை ஐக்கியத்துல எல்லார் முன்னாடியும் முழங்கால் போட்டு அறிக்கை பண்ணிடுறேன்” என்றேன்.

“எதுக்கும்மா?”

“என் பாவத்த மறைக்கக் கூடாதுல்ல?”

“அந்தப் பிள்ளை பேரு ஒரு தடவ அந்தக் கூடத்துல உருண்டது பத்தாதா? மறுபடியும் உருட்டணுமா?” அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “நடந்து போன்னு எழுதியிருந்தேன். அந்த வீட்டுக்கு வழி தெரியும்லம்மா?”

திரும்பி வரும் வழியில்தான் எனக்கே உறைத்தது. வெள்ளிக்கிழமை என்னென்ன வார்த்தை சொல்வது, எந்த இடத்தில் குரல் உடையும், யார் யார் அழுவார்கள் என்று முந்தின நாளிலிருந்தே மனதுக்குள் கட்டி வைத்திருந்தேன். பாவ அறிக்கையிலும் கைதட்டு எதிர்பார்த்தவள் நான்.

சனிக்கிழமை நடந்தேன். மறுநாள் குருத்தோலை ஞாயிறு. வழியில் ரெங்கம்மாளின் மகன் வண்டியை நிறுத்தி, “எங்கத்தே? ஏறுங்க, விட்டுர்றேன்” என்றான். “வேணாம்ப்பா, நடக்கணும்” என்றேன். அந்த இரண்டு கிலோமீட்டரில் நான் ஜெபிக்கவே இல்லை. ஜெபிக்க ஆரம்பித்தால் நன்றாக ஜெபித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

ஒச்சம்மாள் வீடு ஒற்றை அறைதான். ஒரு மூலையில் அடுப்பு, ஜன்னலோரம் தையல் மிஷின். சத்யா குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஒச்சம்மாள் முகம் மலர்ந்து, “வாங்கக்கா, வாங்க! எங்க வீட்டுக்கு வந்து எம்புட்டு நாளாச்சு” என்று நாற்காலியைத் துடைத்தாள். அந்தத் துணியை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் போல இருந்தது.

“உக்கார வரல ஒச்சம்மா. ஒங்க அக்கா சொல்லல. நான்தான். வெள்ளிக்கிழமை ஜெபத்துல சொன்னேன். அந்த அட்டையும் ஒன்னோடது இல்ல. எனக்கு வந்தது. நான் திருப்பிப் போட்டுட்டேன். நீ மன்னிப்புக் கேக்க வந்தப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் ஒன் தலையில கை வச்சேன்.”

தையல் மிஷின் நின்றது.

ஒச்சம்மாள் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பேசியது சத்யாதான். எழுந்திருக்கவில்லை, சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டே கேட்டாள்.

“பெரியம்மா, என்னன்னு ஜெபிச்சீங்க?”

“வேணாம் தாயி.”

“ஊருல எல்லாரும் கேட்டிருக்காங்க. நான்தான் கேக்கல. எப்பிடிச் சொன்னீங்களோ அப்பிடியே சொல்லுங்க.”

சொன்னேன். விதவைத் தாயின் மகள் என்றேன். ஊசியும் நூலும் என்றேன். அந்த ஊசி அங்கேதான் இருந்தது, துணியில் பாதி இறங்கி. வாயிலே நுரை என்ற இடம் வந்ததும் எனக்குக் குரல் போய்விட்டது. அவள் காத்திருந்தாள். மீதியையும் சொல்லி முடித்தேன். மாத்திரையிலே கட்டுண்டு என்பதையும் சொன்னேன். அந்தச் சின்ன அறையில், அழுவதற்கு யாரும் இல்லாத இடத்தில், அது எவ்வளவு அசிங்கமாக இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்.

“நல்லாத்தான் ஜெபிச்சிருக்கீங்க” என்றாள் சத்யா. “ஏழு வருசமா வரலன்னு அம்மா சொன்னாங்களே. அத ஜெபத்துல சொன்னீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

கண்ணுகளா, அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் யாரும் அழமாட்டார்கள். அதையும் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், ஏதோ அளவு சரியாக இருக்கிறது என்கிற மாதிரி. மிஷினை மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை.

ஒச்சம்மாள் எழுந்து, அலமாரியிலிருந்த வேதப்புத்தகத்துக்குள்ளிருந்து அந்த அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். “இந்தாங்க, ஒங்களுது” என்றாள். வாசல்வரை வந்தவள், முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “எட்டு மாசமா எங்க அக்காள நான் நாயே பேயேன்னு பேசிருக்கேன். அவகிட்ட நான் போயி சொல்லிக்குவேன். ஆனா நீங்களும் வரணும். காய்கறி யாவாரம், ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் வீட்டுல இருப்பா. நாளைக்கு ஏழு மணிக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்க.”

“நாளைக்குப் பவனி இருக்கே ஒச்சம்மா.”

“தெரியும்” என்றாள்.

பத்தொன்பது வருடமாகக் குருத்தோலை பவனியில் முன்வரிசையில் பாடிப்போகிறவள் நான். பாட்டை எடுத்துக் கொடுப்பதே நான்தான். காலையில் போதகருக்குப் போன் போட்டு வரவில்லை என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மலைச்சாமி என்னைத் தன் வண்டியில் ஆரப்பாளையத்தில் கொண்டுவந்து இறக்கினார். “இந்தத் தடவ டிக்கெட்ட நீயே பத்திரமா வச்சுக்க” என்றார். சிரிக்கத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, முந்தானையில் சுருங்கியிருந்த ஓரத்தை இழுத்து விட்டுவிட்டுப் போனார்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தும் ஒச்சம்மாள் முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். செக்கானூரணி தாண்டினதும் பஸ் நின்றது. எந்தச் சபையோ தெரியாது, பிள்ளைகளும் பெரியவர்களும் ஓலைகளை ஆட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார்கள். ஓசன்னா, ஓசன்னா என்று பாட்டு. சுருதி சேராமல், நடுவில் ஒரு கிழவரின் குரல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. என் உதடு தானாக அசையப் பார்த்தது, மூடிக்கொண்டேன். முன் சீட்டில் ஒச்சம்மாள் மெதுவாக முணுமுணுத்தாள். அவளுக்குப் பாட உரிமை இருந்தது.

உசிலம்பட்டியில் இறங்கி, மாட்டுச் சந்தைத் திடலைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். எனக்கு நாலடி முன்னால் அவள். பாண்டீஸ்வரி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, “இது யாரு?” என்றாள்.

ஒச்சம்மாள் ஒதுங்கி நின்றாள். நானே சொன்னேன், நான் யார், என்ன செய்தேன், யார் மேல் பழியைத் தூக்கிப் போட்டேன் என்று. பெரிய வார்த்தை ஒன்றும் வரவில்லை. நாலு வரியில் முடிந்துவிட்டது.

பாண்டீஸ்வரி நம் சபைக்காரி இல்லை. குலதெய்வம் கும்பிடுகிறவள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஏந்தாயி, எனக்கு ஒண்ணு வெளங்கல. நாங்க குழாயடியில நின்னு பேசுனா பொறணி. நீங்க கண்ண மூடிக்கிட்டுப் பேசுனா ஜெபமாக்கும்?”

“இல்லம்மா. அதுவும் பொறணிதான்.”

“எம்மக கணக்கா வளத்த பிள்ளைய… எந்தங்கச்சி வாயால எம்புட்டுக் கேட்டேன் தெரியுமா? எங்க அம்மா செத்த அன்னிக்குக்கூட இப்பிடி அழுகல.” ஒச்சம்மாள் போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்கள். “போடி, எருமை” என்று அக்காள் தங்கை முதுகில் அடித்தாள். வெங்காயத் தோல் காற்றில் பறந்து என் காலடிக்கு வந்தது. நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் போகலாமா, இருக்கலாமா என்று தெரியவில்லை. போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை.

எவ்வளவு நேரமோ. அவர்கள் உள்ளே போனார்கள். பாத்திரச் சத்தம் கேட்டது. பாண்டீஸ்வரியின் குரல்: “அந்தம்மாவ என்ன கொடிக்கம்பம் மாதிரி நிப்பாட்டி வச்சிருக்க? உள்ள வரச் சொல்லு.”

தரையில் பாயைப் போட்டிருந்தாள். ஒச்சம்மாளுக்கு ஒரு தட்டு வைத்தாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். சோறும், கருவாட்டுக் குழம்பும், அவித்த முட்டை ஒன்றும். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தத் தட்டைத் தாங்க முடியவில்லை. என் வீட்டில் எத்தனை பேருக்குச் சோறு போட்டு, எத்தனை போட்டோ எடுத்திருக்கிறேன். இவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாய் வைத்தேன். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டி, தட்டில் விழுந்தது.

பாண்டீஸ்வரி கரண்டியோடு நின்றாள். “என்ன, உறைப்பா இருக்கா? எங்க ஊரு குழம்பு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும்.”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். எல்லாருக்கும் அது வசதி. அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தும் விட்டது.

“இல்ல தாயி” என்றேன். “காரம் இல்ல.”